பேரரசுக்கு எவ்வளவு வரி போடலாம்?

1996-இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன் 2’ கணினி விளையாட்டின் கோப்புறையில் விதிகளுக்கென்று ஒரு சாதாரண உரைக்கோப்பு உண்டு. நோட்பேடிலேயே திறக்கலாம். தொடக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில எண்கள் இருக்கும். சாலையில் படை எத்தனை மடங்கு வேகமாகப் போகும் என்பதற்கு 3. ஒரு குடிமகன் ஒரு முறைக்கு எவ்வளவு உணவு தின்பான் என்பதற்கு 2. கல்லூரி விடுதியில் நாலு பேருக்குப் பொதுவாக இருந்த கணினியில், மற்ற மூவருக்கும் சொல்லாமல் நான் அந்த 2-ஐ 1 ஆக்கிவைத்தேன். அன்று இரவு ஆட்டத்தில் பாலைவனத்து ஓரத்தில் வைத்த ஊர்கூடக் கிடுகிடுவென்று வளர்ந்தது. எல்லா ஊரும் எட்டு ஆளைத் தொட்டு, மேலே வளரக் கால்வாய் இல்லாமல் நின்றன. நதிக்கரையா, மேடா, மீன் கிடைக்கும் கடலோரமா என்று யோசித்து ஊர் வைத்த காலமெல்லாம் போயிற்று. எங்கே வைத்தாலும் ஒன்றுதான். பத்து நிமிடத்தில் நாலு பேருக்கும் கொட்டாவி வந்தது. “எதுலடா கை வெச்சே?” என்று கேட்டார்கள். ஒரே ஒரு எண்ணில்தான் என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

சமநிலை என்று விளையாட்டு உலகில் எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது அன்றுதான். இரண்டு பக்கமும் சம எடை வைக்கும் தராசு அல்ல அது. ஆடுபவர் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கக் காரணம் இருந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காரணத்தைக் காப்பாற்ற சிவிலைசேஷன் வரிசையின் வடிவமைப்பாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடுகிறார்கள். அவர்கள் விட்ட இடத்தை ரசிகர்கள் எடுத்துக்கொண்டு பழுது பார்க்கிறார்கள். இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது எடுபட்டது, எது படவில்லை என்பது தெரியும்.

முன்கதைச் சுருக்கம். பிரான்சிஸ் டிரெஷாம் 1980-இல் பிரிட்டனில் ‘சிவிலைசேஷன்’ என்ற பலகை விளையாட்டை வெளியிட்டார். அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்த மைக்ரோப்ரோஸ் நிறுவனத்தில் சிட் மெய்யரும் புரூஸ் ஷெல்லியும் அதே பெயரில் 1991-இல் கணினி விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். கி.மு. 4000-இல் குடியேறிகளோடு தொடங்கி, ஊர் வைத்து, எழுத்தும் சக்கரமும் கண்டுபிடித்து, கடைசியில் உலகை வெல்ல வேண்டும். அல்லது ஆல்ஃபா சென்டாரி விண்மீனுக்குக் கப்பல் அனுப்ப வேண்டும். இந்த வகைக்கு ‘நாலு எக்ஸ்’ என்று பெயர் வைத்தவர் ஆலன் எம்ரிச். ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ என்ற விண்வெளி விளையாட்டைப் பற்றி 1993-இல் எழுதியபோது அவர் அதைப் பயன்படுத்தினார். தேடு, பரவு, பயன்கொள், ஒழித்துக்கட்டு என்பவை அந்த நான்கு. நான்கில் தொல்லை பிடித்தது இரண்டாவது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

பரவுவதில் என்ன தொல்லை? கூட்டுவட்டிதான். முதல் ஐம்பது முறையில் ஓர் ஊர் கூடுதலாக வைத்தவர், அந்த ஊர் தரும் விளைச்சலில் இன்னோர் ஊர் வைப்பார். நூறாவது முறையில் அவர் எட்டாத உயரத்தில் இருப்பார். முந்நூறு முறை ஆடவேண்டிய ஆட்டத்தின் முடிவு நூறிலேயே தெரிந்துவிடும். மீதி இருநூறும் வெறும் எழுத்தர் வேலை.

முதல் இரண்டு பாகங்களில் இது எவ்வளவு அப்பட்டமாக இருந்தது என்பதை ஒரு கணக்குப் போட்டால் காணலாம். ஓர் ஊர் அமைந்திருக்கும் நடுக்கட்டம் தானாகவே விளைச்சல் தரும். அதற்கு ஆள் வேண்டாம். அதன்பின் ஆளுக்கு ஒரு கட்டம். ஒரே ஆள் இருக்கும் ஊர் இரண்டு கட்டங்களை அனுபவிக்கிறது. பத்து ஆள் இருக்கும் ஊர் பதினொன்றை. அதே பத்து ஆளைப் பத்து ஊராகப் பிரித்து வைத்தால் இருபது கட்டம்! போதாக்குறைக்கு, ஊர் பெரிதாகப் பெரிதாக அடுத்த ஆளைச் சேர்க்க அதிக உணவு வேண்டும். ஆக, கோயிலும் நூலகமும் கட்டி ஒரு மாநகரத்தை வளர்ப்பவர் ஏமாளி. இரண்டு கட்டத்துக்கு ஓர் ஊர் என்று கொசுக்கூட்டம் போலக் குடியேறிகளை அனுப்பிக்கொண்டே இருப்பவர் கெட்டிக்காரர். ரசிகர்கள் இதை ‘முடிவில்லா ஊர்ப்பெருக்கம்’ என்றார்கள். வெல்வதற்கு உறுதியான வழி, ஆடுவதற்கு மகா அலுப்பான வழி. நான்காம் பாகத்தின் வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன் தம் கட்டுரை ஒன்றில் இதைத்தான் பொதுவிதியாகச் சொன்னார்: வாய்ப்புக் கொடுத்தால், லாபக் கணக்குப் பார்த்துப் பார்த்தே சுவையை வடித்துக் கொட்டிவிடுவார்கள் ஆட்டக்காரர்கள்.

மூன்றாம் பாகம் (2001) முதல் வரியைப் போட்டது. பெயர், ஊழல். தலைநகரிலிருந்து தூரம் கூடக்கூட, ஊர்களின் எண்ணிக்கை கூடக்கூட, விளைச்சல் திருடுபோகும். எல்லையில் இருக்கும் ஊர் என்ன பாடுபட்டாலும் முறைக்கு ஒரே ஓர் உற்பத்திப் புள்ளிதான் தரும். தாசில்தார் அலுவலகம் கண்ணுக்கெட்டாத மலைக்கிராமத்தின் நிலைமை. வரலாற்று உண்மைக்கு இது நெருக்கம்தான். ஆனால் ஆடியவர்கள் கொதித்தார்கள். ரத்தம் சிந்திப் பிடித்த ஊர் ஒன்றுக்கும் உதவாது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கொதித்ததோடு நிற்கவில்லை, ஓட்டையும் கண்டுபிடித்தார்கள். தலைநகருக்கு இன்னும் பக்கத்தில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று எண்ணித்தான் ஓர் ஊரின் ஊழல் கணக்கிடப்பட்டது. ஒரே தூரத்தில் பல ஊர்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை எண். தலைநகரை நடுவில் வைத்து, கவராயம் பிடித்தாற்போல வட்டமாக ஊர்களை அடுக்கினார்கள். நதி, மலை, இரும்பு எதையும் பாராமல் தூரம் மட்டுமே பார்த்த பேரரசுகள் திரையெங்கும் முளைத்தன. 2003-இல் வந்த ‘கான்குவெஸ்ட்ஸ்’ விரிவாக்கத்தில் அந்த ஓட்டை அடைபட்டது. உடனே வேறொன்று திறந்தது. உற்பத்தியையும் வணிகத்தையும்தான் ஊழல் தின்றது. வயலிலிருந்து எடுத்து அறிஞராகவோ வரிவசூலிப்பவராகவோ உட்காரவைத்த ஆளின் விளைச்சலை அது தொடவில்லை. எல்லையோரத்து உதவாக்கரை ஊர்களெல்லாம் அறிஞர் பண்ணைகளாயின.

நான்காம் பாகம் (2005) அதே வரியை வேறு கையால் வாங்கியது. விளைச்சலைப் பிடுங்கவில்லை, பராமரிப்புச் செலவு என்று கஜானாவில் கைவைத்தது. புதிதாக ஓர் ஊர் வைத்தால் அதற்கும் செலவு, பழைய ஊர்களுக்கும் செலவு ஏறும். பணம் முடைப்பட்டால் ஆராய்ச்சிக்குப் போகும் பங்கைக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டு எட்டு ஊர் வைத்தவர் அறிவில் பின்தங்கி அண்டை நாட்டானிடம் அடிவாங்குவார். பயந்து மூன்றோடு நின்றவர் பிற்பாடு நிலமில்லாமல் தவிப்பார். அழகு என்னவென்றால், இந்த வரி விரிவைத் தடுக்கவில்லை, தள்ளித்தான் போட்டது. நதியோரம் ஒரு குடிசை வைத்தால் பத்து முறையில் சிற்றூராகும், பிறகு இருபது முறையில் கிராமம், இன்னும் நாற்பது முறையில் நகரம். எழுபது முறை அங்கே ஆள் வேலை செய்தால்தான் முழுப்பலன். தென்னை வைத்தவன் கணக்கு. இன்று நட்டம், நாளை லாபம், நடுவில் திவாலாகாமல் இருக்க வேண்டும். இந்த வரிசையில் போடப்பட்ட வரிகளிலேயே நியாயமானது இதுதான் என்பது என் கட்சி. இருபது ஆண்டுகள் கழித்தும் அதை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

நான்காம் பாகத்தில் இன்னொரு கணக்கையும் காட்டாமல் போக மனம் வரவில்லை. அடிமை முறை என்ற கொள்கையை ஏற்றால், மக்கள்தொகையில் ஓர் ஆளைப் பலிகொடுத்து 30 உற்பத்திப் புள்ளிகளை உடனே பெறலாம். நாலு ஆள் இருக்கும் ஊர் ஐந்தாவது ஆளைச் சேர்க்க 28 உணவு வேண்டும். களஞ்சியம் கட்டியிருந்தால் பாதி மிஞ்சி நிற்கும் என்பதால் 14 போதும். ஆக, 14 உணவுக்கு 30 உற்பத்தி. எந்தச் சுரங்கமும் தராத விகிதம். தேர்ந்த ஆட்டக்காரர்கள் சோறு நிறைந்த ஊர்களில் சாட்டையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்கள். பத்து முறைக்கு ஊரில் அதிருப்தி இருக்கும், அது ஆறியதும் மறுபடி சாட்டை. எண்களாகப் பார்த்தால் அபாரமான வியூகம். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஒரு நொடி நினைத்தால் கை நடுங்கும். விளையாட்டு அந்த நொடியைக் கொடுப்பதில்லை. இந்த வகைமை மொத்தத்துக்குமே இந்தச் சிக்கல் உண்டு. ஆறாம் பாகத்தின் 2018 விரிவாக்கத்தில் கனடாவின் கிரீ பழங்குடித் தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்த்தபோது, அவருடைய வழிவந்த சமூகத்தின் தலைமையிலிருந்தே எதிர்ப்பு வந்தது. நிலத்தைப் பிடித்துக்கொண்டே போவதுதான் வெற்றி என்ற எண்ணம் தங்கள் முன்னோருடையதல்ல என்றார்கள். அந்தக் கேள்விக்கு எந்தச் சமநிலைத் திருத்தத்தாலும் பதில் சொல்ல முடியாது.

ஐந்தாம் பாகம் (2010) வரியை அபராதமாக்கியது. பேரரசு முழுவதற்கும் ஒரே மகிழ்ச்சிக் கணக்கு. ஊருக்கு மூன்று அதிருப்தி, ஆளுக்கு ஒன்று. மகிழ்ச்சி பூஜ்யத்துக்குக் கீழே போனால் வளர்ச்சி முடங்கும். 2013-இல் வந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ விரிவாக்கம், ஊர் ஒன்று கூடினால் ஒவ்வொரு தொழில்நுட்பத்தின் விலையும் சாதாரண அளவு வரைபடத்தில் 5 விழுக்காடு ஏறும் என்றது. கூடவே, ‘மரபு’ என்ற கொள்கைத் தொகுப்பு முதல் நான்கு ஊர்களுக்கு இலவசமாகக் கலாச்சாரக் கட்டடமும் கால்வாயும் தந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை நான்கு. ஊர் நான்கு, கொள்கை மரபு, மீதி நேரம் நூலகம். ஊர்ப்பெருக்கத்தை ஒழிக்கப் போய், பரவவே கூடாத பேரரசு விளையாட்டைச் செய்துவிட்டார்கள். வரைபடத்தில் பாதி நிலம் யாரும் தொடாமல் கிடக்கும். நோய்க்கு மருந்து கொடுத்து ஆளையே படுக்கவைத்த வைத்தியம்.

ஆறாம் பாகம் (2016) ஊர்களின் எண்ணிக்கைக்குப் பெரிய தண்டனை எதுவும் வைக்கவில்லை. ஊருக்கு வெளியே பல்கலை வட்டாரம், தொழில் வட்டாரம் என்று கட்டங்களில் பரப்பிக் கட்ட வேண்டும்; அவற்றின் விலை கண்டுபிடிப்புகள் கூடக்கூட ஏறும். மறுபடியும் நிறைய ஊர் வைத்தவரே ராஜா. 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பாகமோ வேறு வழியில் போனது. தொன்மைக் காலம், கடலோடும் காலம், நவீன காலம் என்று ஆட்டத்தை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் பெரும்பாலானவற்றை அழித்து எழுதுகிறது. தலைநகர் தவிர மற்ற நகரங்கள் சிற்றூர்களாகின்றன. நாட்டின் பெயரேகூட மாறலாம். மௌரியராகத் தொடங்கியவர் சோழராகி முகலாயராக முடிக்கலாம். பலர் ஆட்டத்தை முடிப்பதே இல்லை என்பதை விளையாட்டைத் தயாரிக்கும் நிறுவனமே காரணமாகச் சொன்னது. கூட்டுவட்டியை ஒழிக்கக் கணக்குப் புத்தகத்தையே கிழிப்பது ஒரு வழிதான். ஆறு மணி நேரம் பார்த்துப் பார்த்துக் கட்டியதைக் கிழிக்கும்போது ஆடுபவருக்கு வயிறு எரியாதா என்ற கேள்விக்கு விடை வந்துவிட்டது. எரிந்தது.

சண்டைக் கணக்கின் வரலாறு இவ்வளவு நீளமில்லை, ஆனால் வேடிக்கையானது. முதல் பாகத்தில் தாக்கும் வலிமையும் காக்கும் வலிமையும் மட்டும்தான். போர்க்கப்பலுக்கு 18, ஈட்டிப்படைக்கு 2 என்றால் கப்பலுக்குப் பத்தில் ஒன்பது வாய்ப்பு. அந்தப் பத்தாவது முறை வரும்போது, கரையில் ஈட்டியோடு நின்ற கிரேக்க வீரன் இரும்புக் கப்பலை மூழ்கடிப்பான். இரண்டாம் பாகம் உயிர்ப்புள்ளிகளைச் சேர்த்து இதை ஓரளவு சரிசெய்தது. 2010-இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் மெய்யர் பேசியது இதையொட்டித்தான். மூன்றுக்கு ஒன்று என்று வாய்ப்பைக் காட்டினால், மூன்று பக்கம் இருப்பவர் தோற்கவே கூடாது என்று எதிர்பார்க்கிறார். ஒன்று பக்கம் இருக்கும்போது ஜெயித்தால் மட்டும் அதைத் தம் திறமை என்கிறார். கணிதப்படி சரியான எண் மனத்துக்குத் தப்பாகப் படுமானால் மாற்ற வேண்டியது எண்ணைத்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். சமநிலையில் பாதி உளவியல் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்கள் குறைவு.

நான்காம் பாகம்வரை ஒரே கட்டத்தில் எத்தனை படையையும் அடுக்கலாம். முப்பது படையை மூட்டையாகக் கட்டி நகர்த்துவார்கள். ஐந்தாம் பாகத்தின் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர், ‘பான்சர் ஜெனரல்’ என்ற பழைய போர் விளையாட்டின் பாதிப்பில், அறுகோணக் கட்டங்களையும் கட்டத்துக்கு ஒரு படை என்ற விதியையும் கொண்டுவந்தார். மனிதருக்கு இது விருந்து. வில்லாளி பின்னால், ஈட்டி முன்னால், கணவாயை அடைக்க ஒருவன். கணினிக்கோ பெருந்துன்பம். திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய தேர்போல அதன் படைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பின்னாளில் தம் சொந்த விளையாட்டைத் தயாரித்தபோது, இந்த முடிவின் குறைகளை ஷேஃபரே ஒப்புக்கொண்டார்.

இது கணினி எதிராளியைப் பற்றிய கேள்வியைக் கிளப்புகிறது. கடினத்தைக் கூட்டினால் அது புத்திசாலியாவதில்லை, பணக்காரனாகிறது. ஆறாம் பாகத்தின் உச்சக் கடினத்தில் நீங்கள் ஒரு குடியேறியோடு தொடங்கும்போது அது மூன்றோடு தொடங்கும். மெய்யர் பிறகு பேசிய அதே விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் ஜான்சன் 2008-இல் ‘தோற்பதற்காக ஆடுதல்’ என்ற தலைப்பில் பேசினார். கணினியின் வேலை ஜெயிப்பதா, சுவையாகத் தோற்பதா? சுவையாகத் தோற்பதுதான் என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குழந்தையோடு பல்லாங்குழி ஆடும் பாட்டி என்ன செய்கிறாளோ அதுதான். ஆனால் பாட்டி விட்டுக்கொடுப்பது குழந்தைக்குத் தெரியக் கூடாது. ஐந்தாம் பாகத்தின் கணினி, படையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் விழித்ததை ஊரே பார்த்தது.

எண்களின் மேல் நமக்கு இருக்கும் மோகத்துக்குக் காந்தி கதை நல்ல சாட்சி. முதல் பாகத்தில் காந்தியின் ஆக்கிரமிப்பு அளவு 1 என்றும், மக்களாட்சிக்கு மாறினால் 2 குறையும் என்றும், 1-இல் 2 போனால் கணினி கணக்குத் தவறி 255 ஆகும் என்றும், அதனால்தான் அவர் அணுகுண்டு வீசினார் என்றும் இணையமெங்கும் கதை உண்டு. கணினி மாணவர்களுக்கு வகுப்பில்கூடச் சொல்கிறார்கள். மெய்யர் 2020-இல் வெளியான தம் நினைவுக்குறிப்பு நூலில் அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டார். ஆனால் ஐந்தாம் பாகத்தில், சாதாரணமாகப் பத்தைத் தாண்டாத அணுகுண்டு விருப்ப அளவைக் காந்திக்கு மட்டும் 12 என்று வைத்தது உண்மை. அது நகைச்சுவைக்காக வேண்டுமென்றே செய்தது.

இனி ரசிகர்கள் பக்கம். விளையாட்டின் விதிகளையும் படங்களையும் மாற்றி அவர்கள் வெளியிடும் தொகுப்பை ‘மாட்’ என்கிறார்கள். தமிழில் எழுதினால் லேசாகத் தொழுவ வாசனை அடிக்கிறது. வேறு சொல் புழக்கத்தில் இல்லாததால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் பாகம் எவ்வளவு கதவைத் திறந்தது என்பதே மாட்களின் வரலாறு. இரண்டாம் பாகம் உரைக்கோப்பைத் தந்தது. மூன்றாம் பாகம் திருத்தும் கருவியைத் தந்தது. நான்காம் பாகம் விதிகளை எக்ஸ்.எம்.எல். கோப்புகளிலும் நிகழ்வுகளைப் பைத்தான் மொழியிலும் வைத்தது. மறு ஆண்டே விளையாட்டு எந்திரத்தின் உட்பகுதியான சி பிளஸ் பிளஸ் மூல நிரலையும் கொடுத்தது. கணினி எதிராளி எப்படி யோசிக்கிறது என்பதையே மாற்றலாம். அதன்பின் நடந்தது எந்த நிறுவனமும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாத ஒன்று.

‘ஃபால் ஃபிரம் ஹெவன்’ என்ற மாட்டை எடுத்துக்கொள்வோம். மந்திரமும் பூதமும் நிறைந்த கற்பனை உலகம். தலைமை தாங்கிய டெரெக் பாக்ஸ்டன், எல்லா நாட்டுக்கும் ஒரே விதி என்பதைத் தூக்கி எறிந்தார். கசாத் என்ற குள்ளர் நாட்டில் கஜானா நிறைந்திருந்தால்தான் மக்கள் சந்தோஷப்படுவார்கள். செலவு செய்தால் முகம் சுளிப்பார்கள். குரியோடேட்ஸ் நாட்டுக்கு முழு நகரங்கள் சிலவற்றுக்கு மேல் கிடையாது, ஆனால் அவை மற்றவர் நகரங்களைவிட அகன்ற நிலத்தை உழும். ஐந்தாம் பாகம் எல்லோர் தலையிலும் கட்டிய அதே ‘குறைவான ஊர்’ விதி, இங்கே ஒரு நாட்டின் குணமாக இருக்கிறது. பிடித்தவர் எடுத்துக்கொள்ளலாம். கட்டாயமாக்கினால் கசக்கும் விதி, விருப்பமானால் இனிக்கிறது.

‘ரைஸ் அண்ட் ஃபால்’ மாட் இன்னும் ஒரு படி மேலே. மெய்யர் முதல் பாகத்திலேயே பேரரசு எழுந்து விழ வேண்டும் என்று நினைத்தார். விழும்போது ஆடுபவர்கள் பழைய சேமிப்பிலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள் என்று கண்டு கைவிட்டார். அவர் கைவிட்டதை ரை என்ற பெயரில் இயங்கிய இத்தாலிய ரசிகர் செய்து காட்டினார். உண்மையான உலக வரைபடம். நாடுகள் தத்தம் வரலாற்றுக் காலத்தில்தான் பிறக்கும். அகலக்கால் வைத்தால் நாடு துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் வரலாற்றிலிருந்து எடுத்த மூன்று இலக்குகள். அவற்றை நிறைவேற்றினால் வெற்றி. உலகில் நீங்கள் எத்தனாவது பெரிய நாடு என்பது பொருட்டில்லை. கூட்டுவட்டிச் சிக்கலுக்கு நான் பார்த்த மிக நல்ல விடை இது. வளர்ச்சிக்கு வரியே போடவில்லை. வெற்றி என்றால் என்ன என்பதை மாற்றிவிட்டது. நிறுவனம் 2007-இல் தன் ‘பியாண்ட் தி ஸ்வார்டு’ விரிவாக்கத்தில் இந்த மாட்டையும், ‘ஃபால் ஃபிரம் ஹெவன்’ உலகில் நடக்கும் ஒரு தனிக்கதையையும் சேர்த்தே விற்றது.

நிறுவனத்தால் முடியாதது ரசிகர்களால் எப்படி முடிந்தது? திறமையில் வித்தியாசமில்லை, பந்தியில் உட்காருபவர்கள் வேறு. நிறுவனம் லட்சக்கணக்கானவர்களுக்குச் சமைக்கிறது. காரம் கூடினால் புகார் வரும். மாட்டை இறக்கி நிறுவுபவர் காரம் வேண்டும் என்று கேட்டு வாங்குபவர். தன் பேரரசு நொறுங்கும் என்று தெரிந்தே வருகிறவரிடம் நொறுக்கிக் காட்டலாம்.

ஐந்தாம் பாகத்தின் மூல நிரலும் பிறகு திறந்துவிடப்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘வாக்ஸ் பாப்புலி’. மகிழ்ச்சிக் கணக்கைக் கழற்றி மாட்டியது. நான்கு ஊர்ச் சூத்திரத்தை உடைத்தது. கட்டத்துக்கு ஒரு படை விதியில் கணினிக்குப் படை நடத்தக் கற்றுக்கொடுத்தது. நிறுவனம் அடுத்தடுத்த பாகங்களுக்குப் போய்விட்ட பிறகும் பத்தாண்டுகளைத் தாண்டி வேலை நடக்கிறது; எந்த எண்ணை மாற்றுவது என்று ஆடுபவர்களே வாக்களித்து முடிவெடுக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. ‘மக்கள் குரல்’ என்ற அந்த லத்தீன் பெயருக்கு ஏற்ற காரியம்.

பலர் சேர்ந்து ஆடும் போட்டிகளுக்கான மாட்கள் தனி ரகம். அங்கே சமநிலை என்றால் நிஜமாகவே தராசுதான். ஆறாம் பாகம் வந்த புதிதில் சித்தியர் நாட்டுக்கு ஒரு குதிரைப்படையின் விலைக்கு இரண்டு கிடைத்தன. வேண்டாததைக் கலைத்தால் பொன் கிடைத்தது. குதிரை வளர்ப்பு நாணயச்சாலையாகிவிட்டது. நிறுவனம் சில வாரங்களில் கலைப்புப் பணத்தை நிறுத்தியது. ஆனால் இதைவிட நுட்பமான ஏற்றத்தாழ்வுகள் தனியாக ஆடுபவர் கண்ணில் படாது, போட்டியாளர் கண்ணிலிருந்து தப்பாது. அவற்றுக்காக ஐந்தாம் பாகத்துக்கு ‘லெக்மாட்’, ஆறாம் பாகத்துக்கு ‘பெட்டர் பேலன்ஸ்டு கேம்’ என்று ரசிகர்களே நடுவர்களானார்கள். இவற்றின்மேல் எனக்கு மதிப்பு உண்டு, மோகம் இல்லை. எல்லா நாட்டையும் சமமாக்க இழைக்க இழைக்க, நாடுகளுக்குள் வித்தியாசமே மங்குகிறது. சித்தியரின் குதிரைப்பித்து அடாவடிதான். அது இல்லாவிட்டால் அவர்கள் சித்தியரும் அல்லர்.

மாட்களால் வரும் தொல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட்டால் பாதி மாட்கள் உடையும். இரண்டு மாட் ஒரே கோப்பைத் தொட்டால் ஆட்டம் திறக்காது. எதையும் விடக்கூடாது என்று நூற்றுக்கணக்கான கண்டுபிடிப்புகளையும் கட்டடங்களையும் கொட்டும் ‘கேவ்மேன் டு காஸ்மோஸ்’ போன்றவற்றில், ஐம்பது பதார்த்தம் வைத்த இலைபோல எதைத் தொடுவது என்று தெரியாது. வயிறு அல்ல, பொறுமை நிறைந்துவிடும்.

நமக்கு இதில் நேரடியாக ஒரு தொடர்பு இருக்கிறது. ‘ரைஸ் அண்ட் ஃபால்’ மாட்டிலிருந்து கிளைத்த ‘டான் ஆஃப் சிவிலைசேஷன்’ மாட்டில் தமிழர் தனி நாடு. செல்வம் சேர்ப்பதும், தக்காணத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் கட்டுக்குள் கொண்டுவருவதும், கடல் வணிகத்தில் பொருள் ஈட்டுவதும் அவர்களுடைய இலக்குகள். ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்பைப் படித்த யாரோ உட்கார்ந்து யோசித்த இலக்குகள் அவை. நிறுவனத்தின் ஆட்டங்களிலோ 1991-லிருந்தே இந்தியா என்றால் ஒரே நாடு, பெரும்பாலும் காந்தி. சோழர்கள் பெட்டிக்குள் வந்தது ஏழாம் பாகத்தில்தான். வந்த விதத்தில் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய போர்க்கப்பலுக்குக் கலம் என்றே பெயர். தஞ்சைப் பெரிய கோயில் அதிசயங்களில் ஒன்று. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு கட்டடங்களை ஒரே இடத்தில் கட்டினால் அது ஐந்நூற்றுவர் வட்டாரமாகும். கல்வெட்டுகளில் வரும் வணிகக் குழுக்கள் மூன்றும் ஒரு கணினி விளையாட்டின் பொருளாதாரக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பார்த்தபோது நானும் கொஞ்ச நேரம் ஆடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த ஏழாம் பாகம் வெளியான மொழிகளின் பட்டியலில் தமிழ் இல்லை. ஐந்நூற்றுவரைப் பற்றித் தமிழர் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். நிறுவனத்துக்கு மனு எழுதிக்கொண்டிருப்பதைவிடக் கைக்கெட்டிய வழி ஒன்று உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் தொடங்கி 1996 ஜனவரியில் வெளியிட்ட ‘ஃப்ரீசிவ்’ இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, மூல நிரலோடு. விதிகள், நாடுகள், பெயர்கள் எல்லாம் உரைக்கோப்புகள். ஃபயர்பாக்ஸையும் லிப்ரே ஆஃபிஸையும் சம்பளமில்லாமல் தமிழாக்கிய தன்னார்வலர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கல்வெட்டு படித்தவர்கள் இருக்கிறார்கள். விடிய விடிய ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒரு குடிமகன் எவ்வளவு தின்பான் என்ற வரி அதிலும் இருக்கிறது. அதை மட்டும் 1 ஆக்கிவிடாதீர்கள்.